தானே சுத்தம் செய்துகொள்ளும் மக்காச்சோளம்

எங்கள் விதை ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு எண்ணுகிற வேலை. கண் எரிய எரியப் படித்து, முனைவர் பட்டமும் வாங்கி, கடைசியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சொல்வதற்குத்தான் சம்பளம். மக்காச்சோளம் முளைத்ததும் அதன் வேர் நுனியை நறுக்கி, கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் குரோமோசோம்கள் தெரியும். உலகத்தில் மற்ற மக்காச்சோளத்துக்கெல்லாம் இருபது. எங்கள் செடிக்கு மட்டும் அந்த இருபதோடு, பொடிப்பொடியாக இன்னும் இரண்டு. அந்த இரண்டும் நாங்கள் செய்தது.

அதை ஏன் செய்தோம் என்று கேட்டால் என் கணவர் ஒரு மணி நேரம் பேசுவார். நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செடிக்கு ஒரு புதுக் குணம் வேண்டுமென்றால், பழைய முறையில் அதற்கான மரபணுவை ஏற்கெனவே இருக்கிற குரோமோசோம் எதிலாவது செருகுவார்கள். அது எங்கே போய் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. நெரிசலான பஸ்ஸில் ஏறிய ஆள் மாதிரி யார் காலையாவது மிதிக்கும். அந்த வம்பே வேண்டாம், குட்டியாக ஒரு செயற்கைக் குரோமோசோமைச் செய்து, புழுவைத் தாங்கும் குணம், வறட்சியைத் தாங்கும் குணம், களைக்கொல்லி மருந்தைத் தாங்கும் குணம் எல்லாவற்றையும் அதில் ஏற்றித் தனியாக உள்ளே அனுப்பிவிடலாம் என்பதுதான் திட்டம். திட்டத்தின் தலைவர் என் கணவர். வீட்டில் ஒரு பல்பு மாற்றச் சொன்னால் ஆள் கூப்பிடச் சொல்கிறவர், செடிக்குக் குரோமோசோம் செய்து கொடுத்தார். நியாயமாகப் பார்த்தால் நான் பெருமைப்பட வேண்டும். பெருமைப்பட்டுக்கொண்டும் இருந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் அந்தக் குட்டிக்கு நாங்கள் வைத்த பெயர் 'வீட்டோட மாப்பிள்ளை'. வெளியிலிருந்து வந்து இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. எல்லோரும் மரியாதை கொடுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. வீட்டிலிருக்கிற இருபது பேரோ அதைக் கண்டுகொள்வதே இல்லை. என் கணவருக்கு இந்தப் பெயர் பிடிக்காது. "விஞ்ஞானத்துல கிண்டல் எதுக்கு?" என்பார். அவர் முன்னால் மட்டும் 'கூடுதல் குரோமோசோம்' என்று மரியாதையாகச் சொல்வோம்.

எங்கள் டைரக்டருக்கும் ஒரு பெயர் உண்டு. நூறு சார். எதைச் சொன்னாலும் "நூத்துக்கு நூறு இருக்கா?" என்று கேட்பார். தொண்ணூற்று எட்டு என்று சொன்னால், வீட்டில் துக்கம் நடந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அதனால் யாரும் அவரிடம் தொண்ணூற்று எட்டைக் கொண்டுபோவதில்லை. எங்கள் மாப்பிள்ளைக்கு எப்போதுமே நூறுதான். எந்தத் தலைமுறை விதையை எடுத்தாலும், எண்ணிய எல்லா நாற்றிலும் இருந்தது. நான்தான் எண்ணினேன். நான் எடுத்த படம் ஒன்று ஆள் உயரத்துக்குச் சட்டம் போட்டு அவர் அறையில் தொங்குகிறது. இருபது நீலப் புழுக்களுக்கு நடுவில் இரண்டு சிவப்புப் பொட்டு. படம் எடுத்தவர் யார் என்று வருகிற விருந்தாளிகள் கேட்டால், "நம்ம டீம்தான்" என்பார்.

இந்த வருஷம் விதை வெளியே போனது. முதல் முறையாக விவசாயிகள் கைக்கு. அதில் முதல் ஆள் என் தம்பி.

தம்பிக்கு மண் நல்ல மண்; நேரம்தான் சரியில்லை. போன போகம் புழு தின்றது, அதற்கு முந்தின போகம் மழை ஏமாற்றியது. இந்தப் போகமும் போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஏதாவது கிடங்கில் காவலுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தன் அத்தான் மேல் இருக்கிற பக்தியைப் பார்த்தால் எனக்கே சில சமயம் பொறாமையாக இருக்கும். நிலம் முழுவதும் எங்கள் விதையையே போட்டான். போட்டதோடு நிற்கவில்லை. சுற்றியிருக்கிறவர்களிடமும், "எங்க அத்தான் செஞ்ச விதை, கண்ணை மூடிட்டுப் போடுங்க" என்று சொல்லி ஒரு கூட்டத்தையே சேர்த்துவிட்டான். அவர்களும் கண்ணை மூடிக்கொண்டு போட்டார்கள்.

பயிர் முழங்கால் உயரம் வந்ததும் களைக்கொல்லி அடிக்க வேண்டும். அதுதான் இந்த ரகத்தின் விசேஷம். களை செத்துவிடும், பயிர் நிற்கும். மருந்து கேன்கள் எங்கள் வீட்டு வராந்தாவிலேயே வந்து இறங்கின. தம்பி ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து எல்லோருக்குமாகச் சேர்த்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

இந்த நிலைமையில்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஜெல்லி தீர்ந்துபோனது.

ஜெல்லி என்பது தின்கிற சமாசாரம் இல்லை. எண்ணுவதற்கான விதைகளை முளைக்கவைக்க நாங்கள் தட்டுகளில் ஊற்றுகிற கூழ். அதில் அந்தக் களைக்கொல்லியையும் கொஞ்சம் கலந்திருப்போம். யார் எப்போது ஆரம்பித்த பழக்கமோ தெரியாது. 'முளைப்புத் தட்டு' என்றாலே மருந்து கலந்த தட்டுதான் என்று ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை, விவசாயிகளுக்குப் போன அதே விதை மூட்டையிலிருந்து கடைசியாக ஒரு பிடி எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஜெல்லித் தூள் வர இன்னும் பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். முளைக்கத்தானே வேண்டும், ஈரத் தாளில் முளைத்தால் என்ன என்று, சாதாரணத் தண்ணீரில் நனைத்த தாளில் விதைகளைச் சுருட்டி ஏற்கெனவே வைத்திருந்தேன். நன்றாக முளைத்தன. வழக்கத்தைவிட நிறையவே முளைத்தன. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நுண்ணோக்கி இருக்கும் அறை முன்பு உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்த அறை. கறுப்புத் திரை, ஒரு முக்காலி, சுவரில் பழைய ஈரக்கறை. முதல் தகட்டை வைத்தேன். இருபது. சிவப்புப் பொட்டு இல்லை. சாயம் சரியாக ஏறவில்லை போல என்று இரண்டாவதை வைத்தேன். இருபது. மூன்றாவதில் மாப்பிள்ளை ஒன்றே ஒன்று, துணையில்லாமல் ஒரு ஓரமாக நின்றது. அதற்கப்புறம் மறுபடி இருபது, இருபது. விளக்கை மாற்றினேன், சாயத்தை மாற்றினேன், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும், பத்தில் நாலு நாற்றில்தான் மாப்பிள்ளை இருந்தார். மற்ற ஆறில் ஆளையே காணோம்.

முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். விஷயம் மெல்ல மெல்ல மண்டையில் ஏறியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

விதை உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து நின்று, பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து போகும். எங்கள் குட்டிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் அளவுக்கு நீளம் இல்லை. கூட்டத்தில் கை நழுவிய குழந்தைகள் மாதிரி எங்கோ தங்கிவிடுகின்றன. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதிக்கு மேல் விதையில் அவை இல்லை. அந்த விதைகளை மருந்து ஜெல்லியில் போட்டால் தாங்காமல் செத்துப்போகும். செத்ததை 'முளைக்காதவை' என்று குப்பையில் போட்டோம். உயிரோடு நின்றதை மட்டும் எண்ணினோம். அதில் எல்லாவற்றிலும் மாப்பிள்ளை இருந்தார். இல்லாவிட்டால் அது ஏன் உயிரோடு நிற்கப்போகிறது? ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, நடந்து வெளியே வருகிறவர்களை மட்டும் எண்ணி, இங்கே ஒருவரும் சாவதே இல்லை என்று சொல்கிற கணக்கு இது. அதை எங்களுக்குள் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, நான் உள்பட. இத்தனைக்கும் அத்தனை பேரும் படித்தவர்கள்.

விதைப் பண்ணையிலும் இதே கதைதான். அங்கேயும் ஒவ்வொரு தடவையும் மருந்து அடித்தார்கள், ஒவ்வொரு தடவையும் பாதிப் பயிர் காணாமல் போனது. பண்ணை மேலாளர் எலி என்று எழுதிக் கொடுத்தார். எலிப்பொறி வாங்கினார்கள். ஒரு எலியும் மாட்டவில்லை. 'இப்பகுதி எலிகள் மிகவும் சாமர்த்தியமானவை' என்று அடுத்த அறிக்கையில் எழுதினார். அதையும் படித்துக் கையெழுத்துப் போட்டோம்.

என் கணவரிடம் போய்ச் சொன்னேன். அவர் தகடுகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பன்னிரண்டு வருஷத்து உழைப்பு.

"தாளில முளைக்கவச்சது தப்பு. அது நம்ம முறையே இல்ல" என்றார்.

பாவம் பார்த்தது அத்தோடு போயிற்று.

"வயல் உங்க முறைப்படி ஜெல்லியிலயா இருக்கு? மண்ணுலதானே இருக்கு? தம்பி மருந்து அடிச்சான்னா பத்துக்கு ஆறு செடி கருகிடும். அவனுக்குப் போன் பண்ணுங்க."

"டைரக்டர்கிட்ட பேசாம எப்படிச் சொல்றது?"

இரண்டு பேருமாக நூறு சாரின் அறைக்குப் போனோம். நான் எடுத்த படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். துக்க முகம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மெல்ல மெல்ல அவர் முகம் மலர்ந்தது.

"அப்போ மருந்து அடிச்ச பிறகு வயல்ல நிக்கிற செடி எல்லாத்துலயும் நம்ம குரோமோசோம் இருக்கும்?"

"இருக்கும் சார். ஆனா..."

"நூத்துக்கு நூறு?"

"நிக்கிறதுல நூத்துக்கு நூறு சார். நிக்கிறதே பத்துக்கு நாலுதான்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கணவரைப் பார்த்தார். "தரமில்லாத செடியை வயலே கழிச்சுக் கட்டிடுது. வேற எந்த ரகம் இதைச் செய்யுது? தானே சுத்தம் செய்துகொள்ளும் மக்காச்சோளம்! இதைக் குறைன்னு ஏன் நினைக்கறீங்க? சிறப்பம்சம்னு போடுங்க."

என் கணவர் மறுத்துப் பேசுவார் என்று காத்திருந்தேன். குரோமோசோமுக்குக் கிண்டல் பெயர் வைத்ததற்கே கோபப்பட்டவர் அல்லவா? அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தக் கோணத்துல நான் யோசிக்கல சார்" என்றார். எனக்கு அந்த முதுகில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

வரும் வழியெல்லாம் காரில் சண்டை. நானே தம்பிக்குப் போன் செய்யப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார்.

"நீ சொன்னா, நான் மறைச்சேன்னு ஆயிடும்மா. ஞாயித்துக்கிழமை வர்றான் இல்ல? நேர்ல நானே சொல்றேன். மருந்து நம்ம வீட்டுலதானே இருக்கு? அதுவரைக்கும் யாரும் அடிக்க முடியாது."

அது நியாயமாகத்தான் பட்டது. சரி என்றேன். ஆனால் அவர் சொல்லாவிட்டால், சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே நான் சொல்லிவிடுவேன் என்றும் சொல்லிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி வந்தான். வந்ததும் வராததுமாக அத்தானுக்குப் போனில் பயிரின் படத்தைக் காட்டினான். நிஜமாகவே நன்றாக வந்திருந்தது. கரும்பச்சையில் அடர்த்தியாக, வரிசை தெரியாமல் நின்றது. என் கணவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். எதை எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும்.

"எப்படி அத்தான்? இந்தத் தடவை தப்பிச்சிட்டேன்ல?"

"நல்லா இருக்கு மச்சான்."

சாப்பாடு போட்டேன். என் கணவர் வறட்சியைப் பற்றிப் பேசினார். உலகச் சந்தையைப் பற்றிப் பேசினார். விஞ்ஞானம் என்பது படிப்படியாக வளர்வது என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினார். நான் மேஜைக்கு அடியில் அவர் காலை ஒரு மிதி மிதித்தேன். தண்ணீர் குடித்தார். திரும்பவும் உலகச் சந்தைக்கே போனார். தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டு முடித்து, கை கழுவி வந்து, வராந்தாவில் கேன்களைத் தூக்க ஆரம்பித்தான். இரண்டு கேன்கள் வேனில் ஏறிவிட்டன. நான் எழுந்தேன்.

என் நாற்காலி நகர்ந்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். எச்சில் கையோடு வராந்தாவுக்கு ஓடினார்.

"மச்சான், இரு. நீ மட்டும் அடிக்காதே."

தம்பி மூன்றாவது கேனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் விவரம் தெரிந்தவன். அத்தான் சொன்னதில் எந்தச் சொல் முக்கியம் என்று அவனுக்கு உடனே பிடிபட்டது.

"அது என்ன, நான் மட்டும்?"

என் கணவர் சொல்ல ஆரம்பித்தார். குரோமோசோம், ஜோடி சேர்வது, சதவீதம், தானே சுத்தம் செய்துகொள்ளும் ரகம் என்று எல்லாம் வந்தது. தம்பி எதுவும் புரியாமல் என்னைப் பார்த்தான்.

"அடிச்சா பத்துக்கு ஆறு செடி செத்துடும்டா" என்றேன். "அடிக்கலைன்னா சாதா சோளமா நிக்கும். கையால களை எடுத்துக்கலாம். புழு வந்தா சாதா சோளத்துக்குப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கணும். ஏதோ ஒரு வெள்ளாமை கைக்கு வரும்."

அவன் கேனைக் கீழே வைத்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு எப்போ தெரியும் அத்தான்?"

"வெள்ளிக்கிழமை."

"ரெண்டு நாளாத் தெரிஞ்சும் என் கூட உட்கார்ந்து சாப்பிட்டீங்க." அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "சரி, என்கிட்ட சொல்லிட்டீங்க. நான் சேர்த்துவிட்ட ஆளுங்க? அவங்ககிட்ட யார் சொல்லுவாங்க?"

"டைரக்டர் ஒரு முடிவு எடுப்பார். நான் தனியா அவங்ககிட்ட பேச முடியாது மச்சான். என் வேலை..."

"அவங்க உங்களைப் பார்த்துப் போடல. என் மூஞ்சியைப் பார்த்துப் போட்டாங்க. நான் நாளைக்கு அந்த வழியா நடக்கணும்."

சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டான். ஒலிபெருக்கியைப் போட்டு என் கணவரின் கையில் திணித்தான். எச்சில் காய்ந்த கையோடு அவர் அதை வாங்கிக்கொண்டார். நான் தடுக்கவில்லை. எனக்கு அவர் மேல் அவ்வளவு ஆத்திரம் இருந்தது, அவர் பேச வேண்டுமே என்று அவ்வளவு ஆசையும் இருந்தது.

"சொல்லு தம்பி" என்றது போன். வயசான ஆண் குரல், பின்னால் மோட்டார் சத்தம்.

என் கணவர் தன் பெயரைச் சொன்னார், பதவியைச் சொன்னார். அங்கே உடனே குரல் குழைந்தது. "அட, நீங்களா சார்! உங்களைப் பத்தித் தம்பி தினமும் சொல்லும். சொல்லுங்க சார்."

"அந்தக் களை மருந்து... அதை அடிக்க வேண்டாங்க. தம்பி கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீங்க."

"ஏன் சார்?"

தம்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும்தான்.

"விதை சரியில்ல" என்றார் என் கணவர். "நாங்க சொன்ன குணம் பாதிச் செடிக்கு மேல இல்ல. அடிச்சா கருகிடும்."

அங்கே யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள்.

"தம்பி வர லேட்டாகும்னு நான் நேத்தே கடையில வாங்கிட்டு வந்துட்டேனே சார். அதே மருந்துதான். விதைப் பை அட்டையில போட்டிருந்த பேரைப் பார்த்துத்தான் வாங்கினேன். காலையில பாதி வயலுக்கு அடிச்சாச்சு. மீதிக்கு இப்போதான் கலக்கிட்டிருக்கேன்."

மருந்து நம் வீட்டில்தான் இருக்கிறது, யாரும் அடிக்க முடியாது என்று காரில் அவர் சொன்னதும், நான் அதை நம்பியதும் ஒருசேர எனக்கு நினைவுக்கு வந்தது. கடை என்று ஒன்று உலகத்தில் இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

"கலக்கினதைக் கொட்டிடுங்க" என்றார் அவர்.

"கொட்டிடறேன். அடிச்ச பாதிக்கு என்ன சார் பண்றது?"

இந்த இடத்தில் அவர் வழக்கமாக ஒரு மணி நேரம் பேசுவார். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், எந்தக் கேள்வி கேட்டாலும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார், நூறு சாருக்குப் பாடம் எடுத்திருக்கிறார், வீட்டுக்கு வந்த குழாய் ரிப்பேர்காரருக்கே தண்ணீர் எப்படி ஓடும் என்று பாடம் எடுத்திருக்கிறார். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியலங்க" என்றார்.



"சரி, இங்க வாங்க சார்" என்றது குரல். "வந்து எல்லார் முன்னாலயும் இதையே சொல்லுங்க."